கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம் வரையும் நிறுவனங்களுடன் போடும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய ஷரத்துகள்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் செயற்குழுவினர்,
நாட்டுப்படகு, கரைவலைத் தொழிலாளர்கள் மற்றும் மீன் விற்கும் பெண்களின் சங்கம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம் – வரைபடம் தயாரிக்கும் நிறுவனத்துடனான ஒப்பந்தம் – கையெழுத்தாகும் முன் மீனவ ஊர்களின் பங்கை உறுதிசெய்யும் ஷரத்துகளைச் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 06.01.2011 மற்றும் 18.01.2019 நாளிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

மனுவோடு கோட்டைக்கு வருவது எங்களுக்குப் புதிதல்ல. தடைக்கால நிவாரணம், டீசல் மானியம், கடல் அரிப்புக்குத் தூண்டில் வளைவு என்று கேட்டு வந்திருக்கிறோம். இந்த முறை பணமோ கல்லோ கேட்கவில்லை. ஒரு காகிதத்தில் சில வரிகளைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறோம். கடற்கரை வரைபடத்தை ஒரு நிறுவனம் எப்படித் தயாரிக்க வேண்டும் என்று அரசு அதனுடன் செய்துகொள்ளும் ஒப்பந்தம்தான் அந்தக் காகிதம். பணி டெண்டர் வழியாகப் போனாலும், அரசு ஆய்வு நிறுவனத்துக்கே புரிந்துணர்வு ஒப்பந்தமாகப் போனாலும் எங்கள் கோரிக்கை ஒன்றுதான்.

அந்த வரைபடம் எங்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். 1991 பிப்ரவரியில் முதல் அறிவிக்கை வந்த நாளிலிருந்து, உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை எது கட்டலாம், எது கூடாது என்பதை அந்தந்த மாநிலத்தின் திட்ட வரைபடம்தான் சொல்கிறது. 2019 அறிவிக்கை வந்தபின் அதன் கனம் கூடிவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கரைப்பகுதியில், திட்டம் ஒப்புதல் பெற்றதும், கட்டுமானம் கூடாத பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்குகிறது. மற்ற ஊரகப் பகுதியில் 200 மீட்டரே நீடிக்கிறது. நெருக்கி வாழும் கரை என்றால் அது பெரும்பாலும் மீனவர் கரைதான். விடுபடும் அந்த 150 மீட்டரில்தான் எங்கள் படகு நிற்கிறது, வலை காய்கிறது, கருவாடு காய்கிறது. அங்கே இவை இருக்கின்றன என்று வரைபடம் சொல்லாவிட்டால், வெறும் மணல் கிடக்கிறது என்று நினைத்துத்தான் அடுத்து வருகிறவர் ரிசார்ட்டுக்கு மனுப் போடுவார்.

சட்டத்தில் குறையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மீனவக் கிராமங்கள், மீனவர்களின் பொதுச் சொத்துகள், படகுத்துறைகள், ஐஸ் ஆலைகள், மீன் உலர்த்தும் இடங்கள், சாலை, பள்ளி, மருந்தகம் எல்லாவற்றையும் புல எண் காட்டும் அளவிலான வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கையிலேயே எழுதியிருக்கிறது. மீனவர் குடியிருப்பின் நீண்டகாலத் தேவைக்கு மாநிலம் தனித் திட்டம் போட வேண்டும் என்றும் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் எங்கள் ஊரின் களமும் ஏலக்கூடமும் வரைபடத்தில் வரவில்லை.

எங்கள் கரையில் நடந்ததைச் சொல்கிறோம். கடந்த முறை அளவெடுக்க வந்தவர்கள் நண்பகல் 12 மணிக்கு ஜீப்பில் வந்தார்கள். அந்த நேரத்தில் கரையில் யார் இருப்பார்? விடியலில் கரையேறிய மீன் எட்டு மணிக்குள் ஏலம் போய்விட்டது. கூடை தூக்கும் பெண்கள் சந்தைக்குப் போய்விட்டார்கள். ஆண்கள் தூக்கத்தில். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மட்டும் புன்னை மரத்தடியில் இருந்தார். அவரிடம் ஊர்ப் பெயரைக் கேட்டுக்கொண்டு, கையிலிருந்த கருவியால் நாலைந்து இடங்களில் புள்ளி எடுத்துக்கொண்டு, முக்கால் மணி நேரத்தில் போய்விட்டார்கள். வந்தது எந்த வேலைக்கென்றே ஊருக்குத் தெரியாது. கடற்கரைச் சாலை போட அளக்கிறார்கள் என்று பேசிக்கொண்டோம்.

வரைவு வரைபடத்தைக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தோம். கூட்டம் மாவட்டத் தலைநகரில். போக வர ஒரு நாள் பாடு போச்சு. சுவரில் ஒட்டியிருந்த தாளில் எங்கள் ஊர் இருந்தது, ஊரின் உள்ளடக்கம் இல்லை. ஏலக்கூடம் இல்லை. கருவாட்டுக் களம் 'மணல்வெளி' என்று மஞ்சளாகக் கிடந்தது. முகத்துவாரமே இல்லை. அளவெடுத்தது மாசி மாதம். அப்போது மணல் மேடிட்டு வாய் அடைத்திருக்கும், ஐப்பசி மழையில்தான் உடையும். எங்கள் சங்கத்து அம்மா ஒருவர் தான் முப்பது வருடமாக நெத்திலி காயவைக்கும் இடத்தைத் தாளின் மேல் விரல் வைத்துத் தேடினார். அவர் விரல் பட்ட இடம் எங்கள் ஊரைவிட அகலமாக இருந்தது. 1:25,000 அளவில் வரைந்த அந்தத் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். அதில் களத்தைத் தேடினால் கிடைக்குமா? 1:4,000 அளவில் அதே ஒரு மில்லிமீட்டர் 4 மீட்டர்தான். ஒரு படகை இழுத்துப் போடும் இடம்கூட அதில் தெரியும்.

இதற்கு அளவெடுத்த பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை என்பது பிறகு புரிந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து அந்தப் பணியின் ஒப்பந்த நகலை வாங்கிப் படித்தோம். தொடக்க அறிக்கை கொடுத்தால் ஒரு தவணை, செயற்கைக்கோள் படத்தை வகைப்படுத்தினால் ஒரு தவணை, வரைவு கொடுத்தால் ஒன்று, இறுதி வடிவத்துக்கு ஒன்று. ஊரோடு பேசியதற்கு ஒரு காசு கிடையாது, பேசாததற்கு ஒரு பிடித்தமும் கிடையாது. கூலிக்கு ஏற்ற வேலையைத்தான் அவர்கள் செய்திருக்கிறார்கள்.

ஆகவே கீழ்க்காணும் ஷரத்துகளை ஒப்பந்தத்தில் சேர்க்கக் கோருகிறோம்.

எல்லாவற்றுக்கும் முதலாவது, பணம் கொடுக்கும் தவணை. மொத்தத் தொகையில் 30 விழுக்காட்டுக்குக் குறையாத ஒரு பகுதி, ஊர்ச் சரிபார்ப்பு முடிந்த பின்னரே விடுவிக்கப்பட வேண்டும். சரிபார்ப்பு என்றால் அலுவலகத்தில் அச்சிட்ட படிவத்தில் யாரோ ஒருவர் போடும் கையெழுத்து அல்ல. நிறுவனத்தின் அளவையாளர், கிராம நிர்வாக அலுவலர், ஃபிர்கா சர்வேயர், மீன்வளத்துறை ஆய்வாளர், ஊர்ப் பஞ்சாயத்தார், படகுக்காரர் சிலர், மீன் உலர்த்தும் பெண்கள் சிலர் எல்லாரும் ஊரின் வடக்கு எல்லையிலிருந்து தெற்கு எல்லை வரை கரையில் நடந்துபோக வேண்டும். படகு ஏறும் இடம், கரைவலை இழுக்கும் இடம், வலை காயும் இடம், களம், ஏலக்கூடம், கோயில் திடல், சுடுகாடு, கடலுக்குப் போகும் பாதை ஒவ்வொன்றையும் அங்கேயே புள்ளி எடுத்துத் தாளில் குறிக்க வேண்டும். வருவாய்த்துறையில் மகஜர் எழுதுவதுபோல் அன்றே எழுதி, வாசித்துக்காட்டி, ஒரு நகலை ஊரிடம் கொடுக்க வேண்டும். பெண்களின் கையெழுத்து இல்லாத மகஜர் செல்லாது என்றும் எழுதிவிடுங்கள். களத்தின் எல்லை ஆண்களுக்குத் தெரியாது. எங்கள் செயற்குழுவிலேயே இதை ஒப்புக்கொள்ள வைக்க நேரமாயிற்று.

இந்த நடை வருவதை எட்டு நாள் முன்னதாகத் தமிழில் ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும். நேரத்தை ஊர்தான் சொல்லும்.

இரண்டாவது, பருவம். கரை என்பது வயல் வரப்புபோல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. வாடைக்காற்றில் கடல் கரையைத் தின்னும், சோழகத்தில் மணலைத் திருப்பிக் கொண்டுவந்து போடும். அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் தண்ணீர் ஏறும் இடம் வேறு, மற்ற நாளில் வேறு. ஒரே ஒரு நாள் எடுத்த படத்தையும் ஒரே ஒரு மாதம் செய்த களப்பணியையும் வைத்து உயர் ஓதக் கோட்டையும் முகத்துவாரத்தையும் முடிவு செய்யக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறையும், கோடையில் ஒருமுறையும் களச் சரிபார்ப்பு கட்டாயம் என்று காலக்கெடுவிலேயே சேர்த்துவிட வேண்டும். ஆறு மாதத்தில் வரைபடம் வேண்டும் என்று கெடு வைத்துவிட்டு இரண்டு பருவம் பார்க்கச் சொல்வதில் பொருளில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடக்கும் மீன்பிடித் தடைக்கால 61 நாளில் மட்டும் வந்து பார்ப்பதையும் ஏற்க மாட்டோம். அப்போது விசைப்படகுகள் ஓடாது, துறையின் இயல்பான நிலை தெரியாது.

மூன்றாவது, குடியிருப்புத் திட்டம். இதுவரை இது வரைபட அறிக்கையின் கடைசியில் இரண்டு பத்தியாக வருகிறது, அல்லது வருவதே இல்லை. இதைத் தனிப் பணியாக, தனித் தொகையோடு, தனிக் கெடுவோடு ஒப்பந்தத்தில் எழுதக் கோருகிறோம். சுனாமிக்குப் பிறகு 2005இல் வந்த 172ஆம் எண் அரசாணையின்படி, 200 மீட்டருக்கு உள்ளே இருந்த குடும்பங்களில் பலர் கரையைவிட்டுத் தள்ளிப் போய்க் குடியேறினார்கள். வீடுதான் இடம்பெயர்ந்தது, தொழில் கரையிலேயே நின்றது. அன்று இரண்டு பிள்ளையோடு போனவர் வீட்டில் இன்று மூன்று குடும்பம். பிள்ளைகளுக்கு எங்கே வீடு, விட்டுவந்த கரை யார் பேரில், அந்த நிலம் ஊரின் பயன்பாட்டில் இருக்கிறது என்பதற்குப் பதிவு எங்கே? தலைக்கட்டு வாரியாகக் கணக்கெடுத்தால் ஒரு வாரத்தில் விடை வரும். எடுக்கச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

நான்காவது, கருத்துக் கேட்பு. கூட்டம் நடத்த வேண்டிய கடமை மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துடையது என்பதை அறிவோம். கூட்டத்துக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய வேலை நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும். 1:4,000 அளவு வரைபடம், தமிழ் விளக்கக் குறிப்போடும் ஊர் வழங்கும் இடப்பெயர்களோடும், ஒவ்வொரு மீனவ ஊரிலும் 60 நாள் முன்பாகவே சுவரில் ஒட்டப்பட வேண்டும். இணையதளத்தில் ஏற்றியாயிற்று என்பது எங்களுக்குப் பதிலாகாது. நாங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் எண் போட்டு, ஏற்றதா இல்லையா, இல்லையென்றால் காரணம் என்ன என்று எழுத்தில் பதில் தர வேண்டும். ஆட்சேபத்தின் பேரில் திருத்துவது 'கூடுதல் பணி' ஆகாது, அதற்குத் தனிக் கட்டணம் கேட்க முடியாது என்பதையும் தெளிவாக்குங்கள். திருத்தினால் செலவு என்றிருக்கும் வரை எந்த ஆட்சேபமும் ஏற்கப்படாது.

ஐந்தாவது, பணி முடிந்த பிறகான பொறுப்பு. ஒரு கிராமச் சாலை போடும் ஒப்பந்ததாரருக்குக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் உண்டு. ஒரு மழையில் தார் பெயர்ந்தால் அவரே வந்து போட்டுத் தர வேண்டும். ஒரு மாவட்டத்தின் கரையையே வரைகிறவருக்கு மட்டும் தாளைக் கொடுத்த அன்றே கை கழுவிவிடும் வசதி ஏன்? ஒப்புதலுக்குப் பின் குறைந்தது மூன்று ஆண்டு, விடுபட்டதாக நிரூபிக்கப்படும் எதையும் தன் செலவில் திருத்தித் தரும் பொறுப்பும், அதற்கு ஈடாகக் காப்புத் தொகையும் வேண்டும்.

ஆறாவது, வரைபடத்தை வரையும் நிறுவனம், அதே மாவட்டக் கரையில் துறைமுகம், அனல்மின் நிலையம், ரிசார்ட் போன்ற எந்தத் திட்டத்துக்காவது கடந்த மூன்று ஆண்டில் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்திருக்கக் கூடாது. இதற்கு விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறோம். வேலையை வேறொருவருக்கு உள்குத்தகை விடுவதானால் துறையின் எழுத்து அனுமதி வேண்டும்.

ஏழாவது, களத்தில் எடுக்கும் புள்ளிகளும் மகஜர்களும் அரசின் உடைமையாக இருக்க வேண்டும். பணி முடிந்ததும் அவற்றின் முழு நகல் ஆணையத்திடமும், அந்தந்த ஊருக்கு உரிய பகுதியின் நகல் அந்த ஊராட்சியிடமும் இருக்க வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்துக்கு 1996இல் ஒப்புதல் பெற்ற வரைபடம் எது என்ற கேள்வியே பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதை நாடறியும். எங்கள் பேரப்பிள்ளைகள் அப்படி ஒரு தாளைத் தேடி அலையக் கூடாது.

இவற்றால் செலவும் நாளும் கூடும் என்ற மறுப்பு வரும். கூடும்தான். தமிழ்நாட்டுக் கரை 14 மாவட்டங்களில் கிட்டத்தட்ட 1,076 கிலோமீட்டர், அரசுக் கணக்கில் 608 மீனவக் கிராமங்கள். ஊருக்கு ஒரு நாள் நடை, பருவத்துக்கு ஒருமுறை என்றால் மொத்தம் 1,216 நாள். ஆறு குழுக்கள் சேர்ந்து பார்த்தால் பருவத்துக்கு நூறு நாள் சொச்சத்தில் முடிந்துவிடும். இதற்கு ஆகும் சம்பளத்தையும் டீசலையும், ஒரு தவறான கோட்டால் நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கின் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி தங்கள் நிதிப் பிரிவைக் கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த திருத்தப் பணிக்கான வரைவு ஒப்பந்தத்தை, கையெழுத்தாகும் முன், தமிழில் எங்களுக்குத் தந்து, மீனவர் அமைப்புகளை அழைத்து ஒரு நாள் பேச வேண்டும் என்பது உடனடிக் கோரிக்கை. அழைப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு வைக்காமல் இருந்தால் நல்லது. அன்றுதான் மீனுக்கு நல்ல விலை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர்.

இணைப்பு: 1. எங்கள் ஊரில் நாங்களே நடந்து குறித்த 1:4,000 அளவு கைவரைபடம். 2. முகத்துவாரத்தின் மாசி மாதப் படமும் ஐப்பசி மாதப் படமும். 3. மீன் உலர்த்தும் பெண்கள் கையொப்பமிட்ட பட்டியல்.

நகல்: மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை ஆணையர், மாவட்ட ஆட்சித் தலைவர்.