இல்லத்தரசியர் பகுதி: சோப்பு வார்க்கும் அச்சு

நம் சங்கக் குடும்பங்களில் வீட்டிலேயே சோப்பு செய்து பழகும் சகோதரிகள் இப்பொழுது பெருகியிருக்கின்றனர். அவர்கள் நம்மிடம் கேட்பனவற்றுள் எண்ணெயைப் பற்றிய வினா குறைவு. அச்சைப் பற்றிய வினாவே மிகுதி. ரோஜா, சங்கு, தேன்கூடு, யானைக்குட்டி என்று நூறு வடிவங்களில் சிலிகோன் அச்சுகள் கடைதோறும் தொங்குகின்றன. எதை வாங்குவது? வாங்கியதை எப்படி ஆளுவது? அழகை மட்டும் பொறுத்த செய்தியாயின் இதனைச் சகோதரிகளின் விருப்பத்திற்கே விட்டிருப்போம். ஆயின் சோப்பு உடையாமல் வெளிவருவதும், அடுக்களையில் ஆபத்து நேராதிருப்பதும் அச்சையும் பொறுத்தனவாதலின், இம்மாதம் சற்று விரிவாகவே எழுதத் துணிகின்றோம்.

நாம் குடியேறி வாழும் இந்நகரம் சோப்புத் தொழிலுக்குப் புதியதன்று. (அரசாங்க ஏட்டில் 2001 ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா; நம் வீட்டுப் பெரியவர்கள் நாவில் இன்றும் கல்கத்தாதான்.) ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் தோற்றுவித்த வங்காள இரசாயனத் தொழிற்சாலை 1901 இல் கம்பெனியாகப் பதிவாயிற்று. ககேந்திர சந்திர தாசரும் அவர் நண்பர்களும் 1916 இல் தொடங்கிய கல்கத்தா கெமிக்கல் கம்பெனி, வேப்பெண்ணெயைக் கொண்டு மார்கோ சோப்பைச் செய்து நாடெங்கும் பரப்பிற்று. கைகள் பல மாறியும் அந்தச் சோப்பு இன்றும் கடைகளில் கிடைக்கிறது. தெற்கே நம் பக்கத்திலும், மலையாள ஜில்லா சென்னை மாகாணத்தோடு இருந்த காலத்தில், அரசாங்கமே 1914 இல் கோழிக்கோட்டில் சோப்பு நிலையம் ஒன்றை நிறுவியது.

பழைய தொழிற்சாலைகளில் சோப்புக்குழம்பைத் தனித்தனி வில்லைகளாக வார்ப்பதில்லை. பெரிய சட்டங்களில் ஊற்றி, நாட்கணக்கில் ஆறவிட்டு, இறுகிய பாளத்தைக் கம்பியால் அறுத்து, அறுத்த துண்டின்மீது முத்திரை அழுத்துவார்கள். வார்ப்பது வேறு, வடிவங்கொடுப்பது வேறு. வீட்டில் செய்பவர்களுக்கும் இம்முறையே எளிது என்பது நம் கருத்து. அதன் காரணம் பின்னர் வரும்.

அச்சு என்றவுடன் இந்நகரத்தில் வாழ்பவர்க்குச் சந்தேஷ் நினைவுக்கு வராமற்போகாது. வங்காளிகள் அதன் அச்சைச் 'சாஞ்ச்' என்பர். சித்பூர் சாலையில், ரவீந்திர சரணி என்று இப்போது வழங்கும் அவ்வீதியில், நூதன் பஜார்ப் பக்கம் சென்றால் மரத்தில் குடைந்த சந்தேஷ் அச்சுகளைக் காணலாம். மீன், சங்கு, மாம்பழம், வெற்றிலை, பூ என்று உட்குழிவாகச் செதுக்கியிருப்பார்கள். சுட்ட மண்ணிலும் கல்லிலும் செய்த பழைய அச்சுகளும் உண்டு. அவற்றின் வேலைப்பாட்டைக் கண்டு, "இதிலேயே சோப்பு வார்த்தால் என்ன?" என்று கேட்ட சகோதரிகள் உளர். வார்க்கலாகாது. சந்தேஷுக்குரிய சானா பிசைந்து இறுகிய பண்டம். அழுத்தினால் பதியும், தட்டினால் விழும். சோப்போ குழம்பாக ஊற்றப்படுவது. அதில் காரம் இன்னும் உயிரோடு இருக்கும். அது மரத்தின் நுண்துளைகளில் இறங்கிப் பற்றிக்கொள்ளும். மரமும் கெடும், சோப்பும் வாராது, பின்னர் அந்த அச்சு உணவுக்கும் உதவாது.

ஆனால் வேறொரு வழியுண்டு. புதிய சந்தேஷ் அச்சு ஒன்றை இதற்கென்றே வாங்கி வைத்துக்கொண்டு, அறுத்து எடுத்து ஓரிரு நாள் ஆன சோப்புத் துண்டின்மீது மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை விரித்து அழுத்தினால், மீனும் சங்கும் நன்றாகவே பதியும். சோப்பு களிபோல் இருந்தாலும் ஒட்டும். மிக உலர்ந்தாலும் விண்டுபோகும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் தடம் மட்டும் படியும் பதமே அதற்குரியது.

இனிச் சிலிகோனுக்கு வருவோம். மணலின் மூலப்பொருளாகிய சிலிக்கனையும் பிராணவாயுவையும் சங்கிலியாக இணைத்துச் செய்யும் ரப்பர் போன்ற பொருள் இது. இதனைப் பெருமளவில் ஆக்குவதற்கென்றே அமெரிக்காவில் 1943 இல் டௌ கார்னிங் என்ற நிறுவனம் தோன்றியது. அடுப்புச் சூட்டைத் தாங்கும்; வீட்டில் வார்க்கும் சோப்பின் காரம் அதனை எளிதில் அரிப்பதில்லை; காகிதம் விரிக்காமலே, ஓரத்தை வளைத்துத் தள்ளினால் சோப்பு கழன்றுவிடும். மரப்பெட்டிக்குக் காகிதம் மடித்து அலுத்தவர்களுக்கு இவ்வொரு குணமே போதும்.

வாங்கும்போது மெல்லிய அச்சை ஒதுக்குங்கள். கையில் எடுத்தால் துவண்டு விழுவது, குழம்பை ஊற்றியவுடன் பக்கங்கள் பிதுங்கி, சோப்பைத் தொப்பை விழச் செய்யும். கிள்ளி முறுக்கிப் பார்த்து, வெண்மை படர்ந்தால் வேறு பொருள் கலந்தது என்று சொல்வதுண்டு. அது முடிவான சோதனையன்றெனினும், மூக்கைத் துளைக்கும் ரப்பர் நாற்றமும் சேர்ந்திருந்தால் வாங்காதிருப்பதே நலம். நியூ மார்க்கெட்டில் கேக் செய்யும் சாமான்கள் விற்கும் கடைகளில் கேட்கும் ரொட்டி வடிவ நீள அச்சே முதன்முதல் வாங்கத் தக்கது. அதன் இருபுறமும் அணைத்து நிற்க ஒரு மரப்பெட்டியையோ, இரண்டு கனத்த புத்தகங்களையோ வைத்துக்கொண்டால் பக்கங்கள் பிதுங்கா.

ரோஜாவும் யானைக்குட்டியும் ஏன் முதலில் வேண்டாம் என்கின்றோம்? ஒரே பாளமாக இருக்கும் குழம்பு தன் சூட்டைத் தானே காத்து, நன்றாக வெந்து இறுகும். சிறு குழிகளில் சிதறிய குழம்பு விரைவில் ஆறிவிடுகிறது, நிறம் மங்கும், இறுக நாளாகும். பொறுமையின்றி மூன்றாம் நாளே பிதுக்கியெடுத்தால் யானையின் துதிக்கை அச்சிலேயே தங்கிவிடும். ஏற்கெனவே செய்த சோப்புக்கட்டியை உருக்கி வார்ப்பவர்களுக்கு இத்தடையில்லை. அவர்கள் சில மணி நேரத்தில் யானையை முழுதாக எடுக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் வீடுகளில் கொழுக்கட்டை அச்சு, இட்லித் தட்டு, பழைய கேக் தட்டு என அலுமினியச் சாமான்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றையும் இவ்வேலைக்கு எடுக்கக்கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்று, பற்றி எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை எழுப்பும். கலக்கும் பாத்திரமும் கரண்டியும் எவர்சில்வராகவோ தடித்த பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். மின்சாரக் கடைகோலின் தண்டும் எவர்சில்வர்தானா என்று பார்த்துக்கொள்ளவும்.

அச்சுக்கு எவ்வளவு எண்ணெய் பிடிக்கும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, வருவதைப் பத்தில் ஏழு பங்காக்கினால் எண்ணெயின் எடை கிராமில் கிடைக்கும். 20 சென்டிமீட்டர் நீளம், 6 அகலம், 6 உயரமுள்ள அச்சின் கொள்ளளவு 720. அதில் பத்தில் ஏழு 504. ஆகவே 500 கிராம் எண்ணெய் போதும். கோணல் வடிவமாயின் நீரை நிரப்பி, அந்நீரை நிறுத்து, அதே கணக்கைப் போடலாம். பின்னர் அச்சை ஈரமின்றித் துடைத்துவிட வேண்டும்.

அவ்வச்சுக்கு ஏற்ற அளவு இது: தேங்காயெண்ணெய் 200 கிராம், தவிட்டெண்ணெய் 250 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம், காஸ்டிக் சோடா 71 கிராம், நீர் 165 கிராம். யாவும் தராசில் நிறுத்த எடையே. கரண்டிக் கணக்கு இங்கே செல்லாது. மணமூட்டிய கூந்தல் தைலத்தைத் தேங்காயெண்ணெய் என்று எண்ணிச் சேர்க்கவேண்டாம். எண்ணெய் ஒன்றை மாற்றினால் சோடாவின் அளவும் மாறும். சோடாவைத்தான் சிறிது சிறிதாக நீரில் இடவேண்டும். சோடாவின்மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குறை, திறந்த ஜன்னல் மூன்றும் வேண்டும். சோடா நீரும் எண்ணெயும் ஏறத்தாழ 40 பாகைச் சூட்டுக்கு வந்தபின் கலந்து, கரண்டியிலிருந்து விழும் குழம்பு மேலே தடம் பதித்து நிற்கும் வரையில் கடையவும். நுணுக்க வேலைப்பாடுள்ள அச்சாயின் சற்று இளகிய பதத்திலேயே ஊற்றி, மேசையின்மீது மெல்லத் தட்டினால் காற்றுக் குமிழிகள் மேலெழுந்துவிடும்.

சிலிகோனுக்கும் குறைகள் உண்டு. அது மூச்சுவிடாத பொருள். மரத்தைப்போல ஈரத்தை உறிஞ்சாது. ஆகவே மரப்பெட்டியில் ஒரு நாளில் இறுகுவது இதில் இரண்டு நாள் கேட்கலாம். ஆடி ஆவணி மழையில் அதற்கும் மேலாகும். நீரில் சோடாவை இடுமுன் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துவிட்டால் சோப்பு விரைவில் கெட்டிப்படும். மற்றொரு குறை, சோப்பின் பக்கங்களில் அம்மை வடுப்போலச் சிறு குழிகள் விழுதல். உட்சூடு மிகுந்து சிலிகோனோடு ஒட்டிய இடத்தில் குமிழி கட்டுவதால் வருவது இது. சோப்பின் குணம் கெடுவதில்லை, தோற்றம் கெடும். வைகாசி வெயிலில் அச்சைக் கம்பளியால் போர்த்துவது வேண்டாத உபசாரம். மார்கழியில் மட்டும் போர்த்தலாம். அக்காலத்தில் இங்கே தேங்காயெண்ணெயே புட்டியில் உறைந்து நிற்பதை நாம் காண்கின்றோமே.

கழலாத அச்சை ஓரிரு மணி நேரம் உறைபெட்டியில் வைத்தெடுத்தால் சோப்பு சற்றுச் சுருங்கிக் கழலும். வெளியே எடுத்தவுடன் இந்நகரத்து ஈரக்காற்றில் அதன்மேல் பனி பூக்கும்; அது உலருமுன் தொட்டால் ஒவ்வொரு விரலும் பதியும். பாளத்தை அறுக்கக் கத்தியைவிட மெல்லிய எஃகுக் கம்பி சிறந்தது. வீணையோ வயலினோ வாசிக்கும் வீடாயின் அறுந்துபோன எஃகுத் தந்திக்கு இதைவிட நற்கதி இல்லை. அச்சிலிருந்து எடுக்கும்போதும் அறுக்கும்போதும் கைக்குறை அணிந்திருக்கவேண்டும்; அன்றைய சோப்பில் காரம் முற்றும் அடங்கியிராது. அறுத்த துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி, நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட வைத்த பின்னரே தேய்த்துக் குளிக்கலாம்.

குழந்தைகள் உள்ள வீட்டார் இதனை இரண்டு முறை படிக்கவேண்டும். காஸ்டிக் சோடா பார்வைக்குக் கல்லுப்பு, கற்கண்டு, ஜவ்வரிசி போன்றது. அடுக்களை அலமாரியில் ஹார்லிக்ஸ் புட்டியில் கொட்டி வைக்கும் வழக்கம் கூடவே கூடாது. கடையில் வந்த புட்டியிலேயே, பெயர் தெரிய, பூட்டிய இடத்தில் வைக்கவும். மேலே தெறித்தால் உடனே குழாயைத் திறந்து நெடுநேரம் நீர் விடவேண்டும். கண்ணில் பட்டால் நீர் விட்டுக்கொண்டே வைத்தியரிடம் செல்லவேண்டும். எலுமிச்சையும் வினிகரும் தடவும் கைவைத்தியம் வேண்டாம். காரமும் புளிப்பும் சேர்ந்தால் சூடு பிறக்கும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாமல் ஆஸ்பத்திரிக்கு விரையவேண்டும்.

அச்சும் இவ்வகையிலேயே வஞ்சகமுடையது. சோப்பு வார்க்கும் சிலிகோன் அச்சும், கேக்குக்கும் ஐஸுக்கும் பயன்படும் அச்சும் ஒரே அச்சுதான். கண்ணால் பிரித்தறிய முடியாது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் குல்பி செய்ய எடுக்கும் அச்சு எது என்று தாய்க்குத் தெரிந்திருக்கவேண்டும். சோப்புக்கு நீலம், உணவுக்குச் சிவப்பு என நிறத்தால் பிரித்து வாங்குங்கள். வைக்கும் அறையும் வேறாகட்டும். சிலிகோன் மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது வேறு. மல்லிகைத் தைலம் சேர்த்து வார்த்த அச்சில் பத்து மாதம் மல்லிகை மணக்கும்.

கழுவுவதற்கு வெந்நீரே போதும்; ஒட்டியிருக்கும் சோப்பே அழுக்கை நீக்கிவிடும். இரும்பு நாரால் தேய்த்தால் கீறல் விழுந்து, அடுத்த சோப்பு அக்கீறலில் பற்றும். மடித்துத் திணிக்காமல் பரப்பி வைக்கவேண்டும்.

செய்த சோப்பை விற்றுச் சிறிது பொருளீட்ட எண்ணும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. குளிக்கும் சோப்பு சட்டத்தின் கண்ணில் அழகுப்பொருள். விற்பனைக்குச் செய்வதாயின் 2020 ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் பெறவேண்டும். நவராத்திரித் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்க விரும்புவோர், அதற்கு வார்க்கவேண்டிய நாட்கள் மழைக்காலத்தின் நடுவில் விழுவதை நினைவிற் கொள்ளவும்; சோப்பு வியர்த்துக்கொண்டே இருக்கும். பொங்கலுக்குக் கொடுப்பது எளிது. நவம்பர் கடைசி வாரத்தில் வார்த்தால், வறண்ட குளிர்காற்றில் ஆறு வாரமும் நிறைந்து, போகிக்கு முன்பே சோப்பு கல்போல் இறுகியிருக்கும்.