தவணைப் பூட்டும் முந்தல் நீரும்

உரிமைக்குத் தவணை விதித்துவிட்டால் ஒழுங்கு தானாகவே நிலைபெறும் என்னும் நம்பிக்கை கணினித் துறையினர் பலரிடம் வேரூன்றியுள்ளது. அது பாதி உண்மை மாத்திரமே. எஞ்சிய பாதியைக் கற்பதற்கு முந்தல் கடனீரேரிக் கரை நல்லதொரு பாடசாலையாகும்.

புத்தளம் மாவட்டத்தின் முந்தல் கடனீரேரி ஒல்லாந்தர் கால்வாயினால் வடக்கே புத்தளம் கடனீரேரியுடனும் தெற்கே சிலாபத்துடனும் இணைந்துள்ளது. இந்நீர்வழியை அண்டிய இறால் பண்ணைகள் ஒரே நீரையே உள்ளெடுக்கின்றன; கழிவு நீரையும் அதனுள்ளேயே விடுகின்றன. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவியபோது ஒருவரது குளத்தின் நோய் அயலவரது குளத்தின் அழிவாயிற்று. பின்னாளில், 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையும் பண்ணையாளர் சங்கங்களும் பிரதேசத்தை வலயங்களாக வகுத்து, ஒவ்வொரு வலயமும் குஞ்சு விடும் பருவத்தை வரையறுக்கும் கால அட்டவணையை நடைமுறைப்படுத்தின. பொது நீரை முறைவைத்துப் பயன்படுத்துவதே அதன் நோக்கம்.

பல வழங்கிக் கணினிகள் ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யுமிடத்தும் இதே சிக்கல் எழுகின்றது. ஒரு கணக்கை இரு கணினிகள் ஒரே வேளையில் திருத்தலாகாது. ஆதலின் ஒன்று பூட்டைப் பெற, ஏனையவை காத்திருக்கும். பெற்ற கணினி பழுதுற்று வீழ்ந்தாலோ, பூட்டு என்றுமே திறவாது. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி கிரே, டேவிட் செரிட்டன் ஆகியோர் 1989 இல் முன்வைத்த ‘குத்தகை’ என்னும் கருத்து இவ்விடருக்கு வழிகண்டது. கால எல்லை கடந்ததும் உரிமை தானே அற்றுப்போகும்.

ஆனால், உரிமை அற்றுப்போனதை உரிமையாளன் அறிவானா? முப்பது விநாடித் தவணையில் பூட்டைப் பெற்ற கணினியொன்று, தன் நினைவகத்தைத் துப்புரவு செய்யும்போது நாற்பது விநாடி உறைந்து நின்றதெனக் கொள்க. தவணை முடிய, இரண்டாவது கணினி பூட்டைப் பெற்று எழுதுகின்றது. முதலாவது விழித்தெழுந்து, உரிமை இன்னும் தன்னதே என்னும் எண்ணத்துடன் பழைய விடையை அதன்மேல் எழுதிவிடுகின்றது. பூட்டு தன் விதிப்படியே நடந்தது, கணக்கோ பிழைத்துவிட்டது.

தவணையை நீட்டினால் போதும் என்பார் உளர். நீட்டினால் உண்மையாகவே வீழ்ந்த கணினிக்காக ஏனையவை நெடுநேரம் காத்திருக்க நேரும். உறைநிலை அதனினும் நீளாது என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. செய்யவேண்டியது வேறு. பூட்டைத் தருந்தோறும் ஏறுமுகமான எண்ணொன்றையும் தருதல் வேண்டும். காக்கப்படும் தரவுக் களஞ்சியமே அவ்வெண்ணைச் சோதித்து, பழைய எண்ணுடன் வருவதை மறுத்தல் வேண்டும். கூகிள் நிறுவனத்தின் ‘சப்பி’ என்னும் பூட்டுச் சேவை பற்றி மைக் பரோஸ் 2006 இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இத்தகைய ஏற்பாடு விளக்கப்பட்டுள்ளது. 2016 இல் மார்ட்டின் கிளெப்மன், ‘ரெட்லொக்’ என்னும் பூட்டு முறையைக் கண்டித்தபோது வற்புறுத்தியதும் இதனையே.

களஞ்சியமே மறுக்க வல்லதாயின் பூட்டு எதற்கு என்னும் வினா நியாயமானது. ஒரே வேலையை இருவர் வீணே செய்யாமல் தடுப்பது பூட்டு. செய்த வேலை பிழையாகாமல் காப்பது எண். முன்னதைக் கொண்டு பின்னதை ஈடுசெய்ய முயல்வதே தவறு.

முந்தலில் இவ்வேறுபாடு கண்கூடு. சென்ற பருவத்து அனுமதியைக் கையில் வைத்திருப்பவர் காலந்தாழ்த்திக் குஞ்சு விட முனைந்தால், அலுவலகச் சுவரில் தொங்கும் அட்டவணை அவரைத் தடுக்காது. குஞ்சு உற்பத்தி நிலையம் அனுமதியின் பருவத்தைப் பார்த்துக் குஞ்சு தர மறுத்தாலே தடை தடையாகும். குஞ்சு குளத்தில் இறங்கிய பின்னரோ மறுப்பதற்கு எவருமில்லை. நீர் திகதி பார்த்து ஓடுவதில்லை. நோயுற்ற குளத்தின் கழிவு வருகையில் கால்வாய் அதனை நிறுத்தி அனுமதி கேட்பதுமில்லை.

நீருக்கு அந்த ஆற்றல் இல்லை. தரவுக் களஞ்சியத்துக்கு உண்டு. ஓர் எண்ணை மற்றோர் எண்ணுடன் ஒப்பிடுவது கணினிக்கு அரிய செயலன்று. அச்சிறு சோதனையை எழுதாது விட்டு, ‘பூட்டுத்தான் இருக்கிறதே’ என்று அமைதி கொள்ளும் நிரலாளர், முந்தல் பண்ணையாளருக்கு வாய்க்காத காவலைக் கையில் வைத்துக்கொண்டே கைவிடுகின்றார். வங்கிக் கணக்கும் மருத்துவமனைப் பதிவேடும் இத்தகைய கணினிகளிடம் ஒப்படைக்கப்பட்டுள்ள காலத்தில் இதனைக் கவனக்குறைவு என்று மட்டும் கூறி அமைதல் தகாது. அது கடமை தவறுதலேயாகும்.