திரைக்குப் பின்னே நின்ற நாதக் கூம்புகள்

வித்வான் ஒருவர் தம் வாத்தியத்தின்மேல் பிரியம் கொள்வது இயல்பு. அது அவருடைய விரலையும் மூச்சையும் அறிந்தது. ஆனால், தாம் ஒருநாளும் வாசித்தறியாத, மேடையின் இரு புறமும் ஒட்டுப்பலகைப் பெட்டிகளாக நின்றிருந்த பழைய ஹார்ன் ஒலிபெருக்கிகளைப் பற்றி, 1960களிலும் 1970களிலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஊர் ஊராகச் சென்று வாசித்த சங்கீதக்காரர்கள், முதுமை எய்திய பின்னும் நெஞ்சு நெகிழப் பேசுகிறார்கள் என்றால், அந்த அன்புக்கு வாலிபத்தின் ஞாபகம் ஒன்று மட்டுமே காரணமாகாது. அவற்றை வண்டியில் ஏற்றியும் மாடிப்படிகளில் இறக்கியும் இடுப்பு நொந்தவர்களே அவற்றை அதிகமாகக் கொண்டாடுகிறார்கள் என்பதையும் கவனிக்கவேண்டும். அந்தப் பெட்டிகளில் மெய்யான குணம் ஒன்று இருந்தது. பின்னால் வந்த உலகம் சௌகரியத்தின் பொருட்டு அதைக் கைவிட்டது. கைவிட்டதன் மதிப்பு இன்னும் நமக்குச் சரியாகப் புலப்படவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

ஹார்ன் என்றதும் நம் வாசகர்களுக்கு நினைவு வருவது, கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் தென்னை மரத்திலும் பந்தற்காலிலும் கட்டப்பட்டு, விடியுமுன்னே ஊரை எழுப்பிய குழாய் ஒலிபெருக்கிதான். அதன் கூச்சலைச் சகிக்கமாட்டாமல் சட்டமும் நீதிமன்றமும் அதற்கு வரம்பு கட்டியது நியாயமே. ஆயினும் அந்தக் குழாய், ஒரு பெரிய குடும்பத்தின் மிகச் சிறிய உறுப்பினர். ஒலி செல்லும் பாதையை உள்ளுக்குள்ளேயே முன்னும் பின்னுமாக மடித்து, வாயின் அகலத்தை இரண்டடிக்குள் அடக்கிவிட்டபடியால், மிருதங்கத்தின் தொப்பி நாதமும் தாழ்ந்த ஸ்தாயியின் கனமும் அதில் நுழையவே இடமில்லை. எஞ்சிய நடுத்தர ஒலி மட்டும் கூர்மையாக வெளியே பாய்கிறது. அறிவிப்புக்கென்று பிறந்த சாதனத்தைச் சங்கீதத்துக்குப் பயன்படுத்திவிட்டு, அதனால் வந்த அபகீர்த்தியை ஹார்ன் ஜாதி முழுவதன்மேலும் சுமத்துவது தகாது.

கூம்பு செய்கிற காரியம் இன்னதென்பதை அறிய நம் நாதஸ்வரத்தை நினைத்துக்கொண்டால் போதும். சீவாளியில் எழும் சிறு துடிப்பு, உலவின் வழியே மெல்ல மெல்ல விரிந்து, அணசில் மலர்ந்து, நான்கு வீதிக்கும் கேட்கிறது. ஒலிபெருக்கியின் தகடு எவ்வளவு வேகமாக அதிர்ந்தாலும், காற்று அதனினும் மிகமிக இலேசானதாகையால், நேரே வெளிக்காற்றைத் தள்ளும்போது அதன் உழைப்பில் பெரும்பகுதி வீணாகிவிடுகிறது. சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர் தான் வாங்கிக்கொள்ளும் மின்சக்தியில் நூற்றுக்கு ஒரு பங்கையோ சற்று அதிகத்தையோதான் ஒலியாகத் தருகிறது, மற்றதெல்லாம் வெப்பமாகப் போகிறது. தகட்டின் முன்னே குறுகிய கழுத்தை வைத்து, அங்கே காற்றை நெருக்கிப் பிடித்து, பிறகு ஒழுங்கான கணக்கின்படி விரித்துக்கொண்டே போனால், நூற்றுக்கு இருபது முப்பது பங்குவரை ஒலியாக மாறும். தகடு அதிகமாக அசையவேண்டியதில்லை; அசைவு குறைந்தால் ஒலியில் விகாரமும் குறைகிறது. கூரைக்கும் சுவருக்கும் சிதறாமல் ஜனங்கள் உட்கார்ந்திருக்கும் திசைக்கே நாதத்தைச் செலுத்துவதும் கூம்பினால் கைகூடும்.

இந்தச் சிக்கனம் ஒரு காலத்தில் நிர்ப்பந்தமாக இருந்தது. 1915ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன்னே கூடிய பெருங்கூட்டத்துக்கு ஜென்சன், பிரிதாம் என்ற இருவர் தங்கள் மாக்னாவாக்ஸ் ஹார்னின் வழியே பாட்டையும் பேச்சையும் கேட்பித்தபோதும், 1926இல் வைட்டாஃபோன் முறையில் படங்கள் ஒலிபெறத் தொடங்கியபோதும், ஆம்ப்ளிஃபயர்களால் தரமுடிந்தது வெகு சில வாட்டுகளே; ஆயிரக்கணக்கானவர் அமரும் தியேட்டரை அந்தச் சில வாட்டுகளால் நிரப்பவேண்டுமானால் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் பெருங்கூம்புகளைத் தவிர வேறு வழியில்லை. 1933 ஏப்ரலில் பிலடெல்பியாவில் வாசித்த வாத்தியக் கோஷ்டியின் சங்கீதத்தைத் தொலைபேசிக் கம்பிகளின் மூலம் வாஷிங்டன் நகரத்து அரங்கில் பெல் ஆய்வுக்கூடத்தார் ஒலிக்கச்செய்தபோது, அக்கோஷ்டியின் தலைவரான ஸ்டோகோவ்ஸ்கி, நடத்துவதை வேறொருவரிடம் விட்டுவிட்டு, வாஷிங்டனில் ஒலிக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் முன்னே தாமே உட்கார்ந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஒலிபெருக்கியை இயக்குவதும் சங்கீதக்காரனின் வேலையே என்று அந்த மேதை அன்றே உணர்ந்திருந்தார். அந்தப் பரம்பரையில் வந்ததுதான், ஜேம்ஸ் லான்சிங்கும் ஜான் ஹில்லியர்டும் சேர்ந்து அமைத்து, ஆல்டெக் லான்சிங் கம்பெனி 1945இல் வெளியிட்ட 'வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்' வரிசை. அதில் சிறியதான ஏ-7 பெட்டி நாலரை அடி உயரம். கீழே 15 அங்குல ஸ்பீக்கர் ஒரு குறுங்கூம்பின் வழியே ஒலிக்கும். மேலே உலோக ஹார்ன் ஒன்றின் பின்னே, ஒன்றே முக்கால் அங்குல அலுமினியத் தகடு கொண்ட யூனிட் இருக்கும். பெரிய ஏ-4 ஆள் உயரத்தையும் விஞ்சும்.

சினிமாத் திரைக்குப் பின்னே நிற்கப் பிறந்த இவை மேடைக்கு வந்தது தேவையின் வற்புறுத்தலால். 1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே மைதானத்தில் பீட்டில்ஸ் குழுவினர் ஐம்பத்தையாயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் முன்னே வாசித்தபோது, கையிலிருந்த சாதனங்கள் அந்த ஆரவாரத்துக்கு எம்மாத்திரம்? வாசித்தவர்களுக்கே தங்கள் வாசிப்பு கேட்கவில்லை. நான்கே ஆண்டுகளில், உட்ஸ்டாக் வயல்வெளியில் லட்சக்கணக்கானவர் திரண்ட விழாவுக்கு, பில் ஹான்லி என்ற ஒலி நிபுணர் 15 அங்குல ஜே.பி.எல். ஸ்பீக்கர் பெட்டிகளையும் பல அறைகளாகப் பிரிந்த ஆல்டெக் ஹார்ன்களையும் உயர்ந்த கோபுரங்களில் ஏற்றி, மேட்டின் கடைசியில் இருந்தவர்களுக்கும் பாட்டைக் கொண்டுசேர்த்தார்.

இவற்றினும் நான் விரும்பிச் சொல்ல நினைப்பது பாப் ஹீல் என்பவரின் கதை. இல்லினாய் மாகாணத்தில் மாரிஸ்ஸா என்ற சிற்றூர்க்காரரான இவர், பிள்ளைப் பிராயத்திலேயே செயின்ட் லூயி நகரத்து ஃபாக்ஸ் தியேட்டரில் பிரம்மாண்டமான பைப் ஆர்கன் வாசிக்கவும், அதன் குழல்களை ஒவ்வொன்றாகச் சுருதி கூட்டவும் கற்றவர். ஒலியைக் கவனித்துக் கேட்கும் வித்தை தமக்கு அங்கேதான் கிட்டியது என்று ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தியேட்டர் வேண்டாமென்று கழித்த ஆல்டெக் ஏ-4 பெட்டிகளை அவர் வாங்கி, வேறு ஹார்ன்களையும் ஆம்ப்ளிஃபயர்களையும் கூட்டி, தம் ஊரில் வைத்திருந்தார். 1970 பிப்ரவரி 2ஆம் தேதி அதே ஃபாக்ஸ் தியேட்டரில் கச்சேரி செய்ய வந்த கிரேட்ஃபுல் டெட் குழுவினருக்குத் தங்கள் ஒலிச் சாதனங்கள் இல்லாமற் போக, ஹீலின் பெட்டிகள் லாரியில் வந்து இறங்கின. எந்த இடத்திலிருந்து குப்பையென்று வெளியேற்றப்பட்டனவோ அந்த இடத்துக்கே அவை ராஜமரியாதையுடன் திரும்பி, அன்றைய கச்சேரியைத் தாங்கின. குழுவினர் பிரமித்துப்போய் ஹீலையும் பெட்டிகளையும் தங்களோடு யாத்திரைக்கு அழைத்துக்கொண்டார்கள். மறு ஆண்டு தி ஹூ குழுவும் அவரை நாடிற்று. அட்லாண்டிக்குக்கு அப்பால் லண்டனில், ஆஸ்திரேலியரான டேவ் மார்ட்டின் 1971இல் தொடங்கிய பட்டறையின் ஹார்ன் பெட்டிகள் பிங்க் ஃப்ளாய்ட் முதலிய குழுக்களோடு பயணம் செய்தன.

இவற்றின் எதிரே நின்று பாடியவர்கள் நினைவுகூர்வது பெரும்பாலும் ஒரே குணத்தை: மெல்லச் சொன்னது மெல்லவே, ஆனால் தெளிவாக, கடைசி வரிசைக்குப் போயிற்று, திடீரென்று ஓங்கி அடித்த அடி, நசுங்காமல், அடித்த வேகத்திலேயே போயிற்று. மெலிவுக்கும் வலிவுக்கும் இடையிலுள்ள தூரமே சங்கீதத்தின் ஜீவன் என்று கருதுகிறவர்களுக்கு இது சிறிய விஷயமன்று. குறைகள் உண்டு, மறைக்க வேண்டுவதில்லை. சில உலோக ஹார்ன்களில் மனிதக் குரல் மூக்கால் பேசுவதுபோல் ஒலிக்கும். நேரே அமர்ந்தவனுக்குக் கேட்டது பக்கத்தில் அமர்ந்தவனுக்கு அப்படியே கேட்காது. ஏ-7 பெட்டியில் மிகத் தாழ்ந்த நாதம் இளைத்துவிடும். ஐம்பது அதிர்வுள்ள ஒலியின் அலை ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளமாகையால், அதை முறைப்படி விடுக்கும் கூம்பின் வாய் இரண்டு மீட்டருக்கு மேல் அகன்றிருக்கவேண்டும். அத்தனை பெரிய வாயை எந்த லாரியில் ஏற்றுவது? ஆர்க்கன்ஸாவின் பால் கிளிப்ஷ், அம்மாகாண கவர்னர் தேர்தலில் நின்ற வின்த்ராப் ராக்ஃபெல்லரின் பிரசாரக் கூட்டங்களுக்கென்று 1963இல் அமைத்த லா ஸ்காலா பெட்டியும், தூக்கிச் செல்ல வசதியாகத் தாழ்ந்த ஒலியில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்ததே.

டிரான்சிஸ்டர் யுகம் வந்து வாட்டுகள் மலிவானவுடன் இந்தப் பேரம் முடிந்துபோயிற்று. திறமையால் பெறவேண்டியதை எண்ணிக்கையால் பெறலாம், பெட்டியைச் சிறிதாக்கி ஆம்ப்ளிஃபயரைப் பத்து மடங்காக்கினால் அதே உரத்த ஒலி கிடைக்கும், லாரி வாடகையும் மிஞ்சும் என்று கணக்குப் பார்த்தார்கள். கணக்கு தவறில்லை, ஆனால் உரப்பு ஒன்றுதான் அதில் இடம்பெற்றது. 1990களிலிருந்து மேடையின் இரு புறமும் சரமாகத் தொங்கும் லைன் அரேக்கள் பரவிவிட்டன. அவற்றை நான் இகழவில்லை. பெரிய மைதானத்தில் எல்லாருக்கும் சமமாகக் கேட்கச் செய்வதில் பழைய கூம்புகள் அவற்றுக்கு ஈடாகா. அவற்றிலும் மேல் ஸ்தாயி ஒலியை அனுப்புவது கூம்பின் வம்சத்தைச் சேர்ந்த ஓர் உறுப்புதான். நான் வருந்துவது, ஆயிரம் பேருக்குள் அடங்கும் சபாவிலும் கல்யாண மண்டபத்திலும்கூட அடிவயிறு அதிரும் பெட்டிகளை அடுக்கி, வித்வானின் குரலை அதற்குள் புதைக்கும் வழக்கத்துக்காகவே. அத்தகைய இடங்களில் நல்ல ஹார்ன் ஜோடி ஒன்றும் முப்பது வாட்டும் தாராளமாகப் போதும்.

நம் நாட்டிலும் அந்தக் குடும்பத்தின் பெரியவர்கள் வாழ்ந்தார்கள். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக், ஆர்.சி.ஏ. போட்டோபோன் முதலிய சாதனங்கள் இந்தியத் தியேட்டர்களிலும் வேலை செய்தன. பாடல்களுக்காகவே திரும்பத் திரும்பப் படம் பார்க்கப் போன நம் முன்னோர், அந்தப் பாட்டின் கம்பீரத்தில் பாதியைத் திரைக்குப் பின்னே நின்ற கூம்புகளிடமிருந்து பெற்றார்கள். இன்று ஒற்றைத் திரை அரங்குகள் ஒவ்வொன்றாக இடிபடுகையில், பலகை விறகுக்கும் இரும்பு பழைய சாமான் கடைக்கும் போகின்றன. ஜப்பானிய ரசிகர்கள் அமெரிக்கத் தியேட்டர்கள் கழித்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக், ஆல்டெக் பெட்டிகளைத் தேடித் தேடி விலை கொடுத்து வாங்கிக் கடல் கடத்திக் கொண்டுபோய்ப் பூஜிப்பதை நாம் அறியாதவர்களாக இருக்கலாகாது. அரங்கை இடிக்கப்போகிற உரிமையாளர், திரையை அவிழ்க்குமுன் பக்கத்து என்ஜினீயரிங் கல்லூரிக்கு ஒரு சொல் அனுப்பவேண்டும். எழும்பூர் அருங்காட்சியகம் போன்ற ஒரு ஸ்தாபனம், அப்படிக் கிடைக்கும் பெட்டிகளில் ஒரு ஜோடியையேனும் கண்ணாடிக்குள் பூட்டாமல், பாடும் நிலையில் வைத்திருக்கவேண்டும். அரசு இசைக் கல்லூரி மாணவர்கள் அதன் எதிரே உட்கார்ந்து ஒரு வீணையையும் ஒரு தவிலையும் கேட்டுப்பார்க்கவேண்டும். யூனிட்டை ஒருவரும் ஹார்னை வேறொருவருமாகப் பிரித்து விற்கும் வழக்கத்தை நிறுத்தவேண்டும். பிரித்தபின் இரண்டும் பயனற்றவை. பழுதுபார்க்கும் வேலைக்கு, மைக் செட் தொழிலில் தலை நரைத்த பெரியவர்களைத் தேடிச்சென்று அழைக்கவேண்டும்: காந்தம் பலமிழந்ததா, தகட்டில் விரிசல் கண்டதா என்பதை ஒரு பாட்டைக் கேட்டே சொல்லிவிடக்கூடியவர்கள் அவர்கள், பட்டம் இல்லையென்ற காரணத்தால் அவர்களுக்குக் கௌரவமான ஊதியம் கொடுக்க எந்த ஸ்தாபனமும் தயங்கலாகாது.