உறைபனிக்கு அஞ்சாத சிறுமலர்

மேலைநாட்டு மாரிகாலம் நீண்டதோர் உறக்கம் போன்றது. மரங்கள் இலையின்றி நிற்கும், பகற்பொழுது குறுகியிருக்கும், காலையிற் புற்றரையெங்கும் உறைபனி படிந்திருக்கும். இங்கிலாந்திலே பெப்ரவரி மாதத்தில், வசந்தம் வருமுன்னரே, அந்தப் புல்லை ஊடறுத்துக்கொண்டு சிறு கிண்ணங்கள் போன்ற பூக்கள் எழுகின்றன. ஊதா, வெண்மை, பொன்மஞ்சள் எனப் பல நிறம்; உயரமோ ஒரு விரலளவு. குரோக்கஸ் என்பது அவற்றின் பெயர்.

இம்மலரை நம்மவருட் பலர் நேரிற் கண்டிரார். ஆயினும் இதன் சுற்றத்தை நாம் அறிவோம். பாலிலிட்டுப் பருகும் குங்குமப்பூ என்பது, இதே குலத்துச் செடியொன்றின் பூவிலிருந்து கொய்யப்படும் மூன்று செந்நிற இழைகளே. அச்செடி இலையுதிர்காலத்திற் பூப்பது, பெருவிலை பெறுவது. மாரியின் இறுதியிற் பூக்கும் உறவினங்களைத் தோட்டக்காரர் வளர்ப்பதோ கண்டு மகிழ்வதற்காக மட்டுமே. வேறு பயன் கருதாத இம்மகிழ்ச்சி எத்தகைய அறிவை ஈன்றது என்பதே இவ்வாரம் நாம் சிந்திக்க வேண்டியது.

முதலிற் செடியின் இயல்பைப் பார்ப்போம். கோடை முழுவதும் அது ஒரு சிறு தண்டுக்கிழங்காக மண்ணுள் உறங்குகிறது. ஆண்டுதோறும் பழைய கிழங்கு வாடி, அதன்மேற் புதியது தோன்றும். பூவைத் தாங்கும் காம்பு போல வெளியே தெரிவது உண்மையிற் காம்பன்று. இதழ்களே கீழே ஒன்றுகூடி நீண்ட குழாயாகியிருக்கின்றன. விதையை ஈன வேண்டிய சூலகம் மண்ணுக்குள்ளேயே தங்குகிறது. மேலே பனி பூவைக் கருக்கினாலும் கீழே கரு காக்கப்படும். விதை முற்றும் வேளையிலேதான் காய் நிலத்துக்கு மேல் எழுகிறது. வெயில் பட்டதும் இதழ்களின் உட்புறம் விரைந்து வளர்வதால் பூ விரியும்; குளிர்ந்ததும் வெளிப்புறம் வளர்வதால் மூடிக்கொள்ளும். மகரந்தம் மழையில் நனையாதிருக்க இவ்வேற்பாடு உதவுகிறது.

இப்பூவை விதையிலிருந்து வளர்ப்பவருக்குப் பொறுமை வேண்டும். விதைத்த பின் முதற்பூவைக் காண மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும். அதற்கிடையில் எலி கிழங்கைத் தின்னும், அணில் தோண்டும், சிட்டுக்குருவி மஞ்சட் பூக்களைக் கொத்திக் கிழிக்கும். துருக்கி, கிரேக்கம் முதலிய நாடுகளின் மலையினங்களுக்குக் கோடை ஈரம் ஆகாது. ஆகவே அவற்றைச் சட்டியிலிட்டுக் கண்ணாடிக் கூரையின்கீழ் வைத்துக் காப்பர். 1929 இல் இங்கிலாந்திலும் 1933 இல் ஸ்கொத்லாந்திலும் நிறுவப்பட்ட மலைத்தாவரச் சங்கங்களின் கண்காட்சிகளில் இச்சட்டிகள் போட்டிக்கு வரும். அன்று மண்டபம் குளிர்ந்திருந்தால் பூ வாய்திறவாது. பல ஆண்டு உழைப்பு மூடிய அரும்பாகவே நடுவர்முன் நிற்கும்.

இத்தகைய ஆர்வலர் சிலரின் வரலாறு அறியத்தக்கது. வில்லியம் ஹேர்பேட் மஞ்செஸ்டர்த் தேவாலயத்தின் தலைமைக் குரு. குரோக்கஸ் இனங்களைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி 1847 இல், அவர் மறைந்தபின் வெளிவந்தது. ஜோர்ஜ் மோ ஓடு செய்யும் தொழிற்சாலையின் உரிமையாளர். அவர் பல நாட்டு மலைகளிலும் செடி தேடி, தாமே வரைந்த வண்ணப்படங்களோடு 1886 இற் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். தாவரவியல் இவர்களுக்குச் சோறு போட்ட தொழிலன்று. ஆயினும் இவர்களுடைய நூல்களைப் பின்வந்த அறிஞர் ஒதுக்கிவிடவில்லை.

மூன்றாமவர் எட்வேட் ஒகஸ்டஸ் போல்ஸ். இளமையிலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். கேம்பிரிட்ஜிற் கற்றுக் குருவாக எண்ணியிருந்தார். சகோதரரும் சகோதரியும் காசநோய்க்கு இரையாகவே, அவ்வெண்ணத்தை விட்டுப் பெற்றோருக்குத் துணையாக இலண்டனுக்கு வடக்கேயுள்ள தம் வீட்டில் தங்கினார். துயரம் நிறைந்த அவ்வீட்டின் தோட்டமே அவருக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே தாம் விதைத்துப் பெற்ற புதுவகைகளுக்குப் பறவைகளின் பெயர்களைச் சூட்டினார். அயலிலுள்ள ஏழைச் சிறுவருக்கு இரவுப் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஒற்றைக் கண்ணாற் கண்டவற்றைத் தாமே வரைந்து, குரோக்கஸ் பற்றியும் கொல்சிக்கம் பற்றியும் 1924 இல் ஒரு கைந்நூல் வெளியிட்டார். 1954 இல் அவர் மறையும்வரை அத்தோட்டம் ஆர்வலருக்கு ஒரு யாத்திரைத் தலமாகவே இருந்தது.

அந்நூலில் இரண்டு செடிகள் சேர்ந்திருப்பதற்குக் காரணமுண்டு. கொல்சிக்கம், தோற்றத்திற் குரோக்கஸை ஒத்தது. ஆனால் கொடிய நஞ்சு. குரோக்கஸ் பூவில் மகரந்தம் தாங்கும் கேசரங்கள் மூன்று, கொல்சிக்கத்தில் ஆறு. கொல்சிக்கத்தின் நஞ்சே நம் நாட்டுக் கார்த்திகைப்பூக் கிழங்கிலும் உண்டு. அதை உண்டு மாண்டவர்களைப் பற்றி நாம் கேள்விப்படாதவரல்லர். கேசரங்களை எண்ணிப் பார்ப்பது வேலையற்றவர் வேலையென்று நகைப்பவர், அந்த எண்ணிக்கை உயிரையும் காக்கக்கூடும் என்பதை உணர வேண்டும்.

நம் வீடுகளிலே பிள்ளை ஒரு பூச்சியையோ செடியையோ உற்று நோக்கிக்கொண்டிருந்தால், "பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டு எழுப்பிவிடுகிறோம். பரீட்சை வேண்டாமென்று ஆசிரியனாகிய நான் கூறமாட்டேன்; ஆனால் பரீட்சைக்குக் கற்றது பெரும்பாலும் பரீட்சையோடு நின்றுவிடுவதையும் ஆண்டுதோறும் காண்கிறேன். குருவும் ஓட்டுத் தொழிலதிபரும் ஒரு சிறு பூவைப் பற்றி எழுதியவை இன்றும் பயில்வோருக்கு உதவுகின்றன. குரோக்கஸ் நம் வெப்பத்திற் பூப்பதற்கில்லை. நம் வேலியிற் படரும் கார்த்திகைப்பூவின் இதழ் எந்நாளில் மஞ்சளிலிருந்து சிவப்பாகிறது என்பதைப் பிள்ளைகள் இவ்வாண்டு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். கிழங்கை மட்டும் தொடாதிருக்கட்டும். பெற்றோர் அவர்களுக்கு ஒரு குறிப்பேடு வாங்கிக்கொடுத்து, சற்றுநேரம் அவர்களைத் தனியே விட்டுவைத்தாற் போதும்.