சீசாவுக்குள் ஓர் அறிவியல் வகுப்பு

புது தில்லி: அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது அரசியல் சாசனத்தின் 51ஏ(எச்) பிரிவு. 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட வாசகம் அது. நாடாளுமன்ற உரைகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் இந்தக் கடமை, வகுப்பறைகளில் எப்படி நிறைவேற்றப்படுகிறது?

விலங்குகளை அறுத்துப் பார்க்கும் பாடமுறையைக் கல்லூரிகளில் படிப்படியாகக் கைவிடுமாறு 2011-இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவுறுத்தியது. 2014-இல் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. வரவேற்கத்தக்க முடிவுதான். ஆனால், அந்த வெற்றிடத்தை நிரப்பியவை வரைபடங்களும் கணினித் திரைகளுமே. உயிரைக் கொல்லாமல் உயிரியல் கற்பிக்கப் புறப்பட்ட நாம், உயிரைப் பார்க்காமலேயே கற்பிக்கத் தொடங்கிவிட்டோம்.

இதற்கு எளிய மாற்று, கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் சிறிய பழ ஈ. மாந்தோப்புகளைப் பாழாக்கும் பழ ஈ வேறு, இது வேறு. ஒரு கண்ணாடி சீசா, அடியில் மசித்த பழம், வாயை அடைக்கப் பஞ்சு; இவை போதும். சுமார் 25 டிகிரி வெப்பத்தில், முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பத்தே நாள்களில் ஈயாகப் பறக்கும். ஆண் ஈயின் வயிற்று நுனி கருத்திருக்கும். ஒரு கைலென்ஸ் இருந்தால் மாணவரே பிரித்தறியலாம்.

1910-இல் வெள்ளைக் கண் கொண்ட ஒரே ஓர் ஈயைக் கண்டு துணுக்குற்ற அமெரிக்க விஞ்ஞானி மார்கன், மரபணுக்கள் குரோமோசோம்களில் உள்ளன என்பதை நிறுவி, 1933-இல் நோபல் பரிசு பெற்றார். உடலின் உள்கடிகாரத்தை விளக்கிய 2017-ஆம் ஆண்டு நோபல் பரிசுக்கும் இதே ஈதான் அடிப்படை. பெங்களூரில் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தை நிறுவிய ஒபைத் சித்திகி, சுவையும் மணமும் அறியப்படும் விதத்தை இந்த ஈயைக் கொண்டே ஆராய்ந்தார். மார்கனின் பெயர் என்சிஇஆர்டியின் பன்னிரண்டாம் வகுப்பு நூலில் இருக்கிறது. அதை மனப்பாடம் செய்யும் மாணவர்களில் எத்தனை பேர் அந்த ஈயைப் பார்த்திருப்பார்கள்?

இதைத் தொடங்க ஏற்ற இடம் ஒசூரை ஒட்டிய ஆனேக்கல் வட்டம். பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கென்றே இதழ் நடத்தும் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் இவ்வட்டத்தின் சர்ஜாபுராவில் இருக்கிறது. மைசூரு பல்கலைக்கழகத்தில் பழ ஈ இனங்களைப் பேணும் மையமும் உள்ளது. அத்திப்பள்ளி, ஜிகணி தொழிற்பேட்டைத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளுக்கு இவற்றின் துணை கிடைத்தால், செலவு பெரிதாக இராது.

பாடத்திட்டச் சுமையில் இதற்கு நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. மதிப்பெண் இல்லாத எதற்கும் நம் பள்ளிகளில் நேரம் கிடைப்பதில்லை. எனவே, மாணவர் தம் கையால் எழுதும் பத்து நாள் கண்காணிப்புக் குறிப்பேட்டுக்குச் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் ஒதுக்க வேண்டும். எதிர்பார்த்தபடி ஈக்கள் வராவிட்டாலும், கண்டதைக் கண்டபடி எழுதியவருக்கே முழு மதிப்பெண். சாசனம் கோரும் மனப்பான்மை அந்த நேர்மையில்தான் தொடங்குகிறது.

கடமையைக் குடிமகன் மீது சுமத்திய அரசு, அதைக் கற்றுக்கொள்ள அவன் பிள்ளைக்கு ஒரு சீசாவையாவது தர வேண்டாமா?