சிதம்பரம் கடல் கடந்த கதை

பூகோளம் போதிக்கிறவனுக்கு அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டுவது மிகச் சுலபம். தேசப் படத்தில் பிரம்பின் நுனியைச் சற்றே நகர்த்தினால் போதும். எங்கள் திருவேங்கடமோ கரிசல் பூமி. கண்மாய் நிறைந்தால் அதுவே எங்களுக்குச் சமுத்திரம்! ஆகவே, "நம்மவர் யாராவது அந்தக் கடலைத் தாண்டியிருக்கிறார்களா, ஐயா?" என்று ஒரு பையன் கேட்டதும், பிரம்பை மேஜைமேல் வைத்துவிட்டேன்.

தாண்டினார்கள், பாய்க்கப்பலிலேயே தாண்டினார்கள். 1848-ல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் சேர்க்கலானார்கள். 1854-ஆம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி 'ஒரேலி' என்னும் கப்பல், மேற்கிந்தியத் தீவாகிய குவாதலூப்பை அடைந்தது. அதன்பின் சுமார் 35 வருஷங்களில் அத்தீவுக்கு மட்டும் ஏறக்குறைய 42,000 இந்தியர் சென்றனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்.

அக்காலத்தில் லிவர்பூலிலிருந்து புறப்பட்ட ஐரோப்பிய ஏழைகளும் கப்பலின் அடித்தட்டில் அவதிப்பட்டவர்களே. ஆனால் ஐந்தாறு வாரங்களில் அவர்கள் நியூயார்க்கில் கரையேறினார்கள். நம்மவருக்கோ ஏறக்குறைய மூன்று மாதம். இந்து மகாசமுத்திரத்தைக் கடந்து, ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்ற வேண்டும். அங்கே வீசும் குளிர் காற்று சோழ நாட்டு உடம்புக்குப் பழக்கமானதன்று. அதற்கப்புறந்தான் அட்லாண்டிக். அளந்து கொடுக்கும் அரிசியும் தண்ணீரும். நெருக்கடியில் பரவும் பேதி. இறந்தவர்களுக்குக் கடலே சுடுகாடு. பிழைத்தவர்களுக்கு ஐந்து வருஷ ஒப்பந்தம். அது முடிந்தபின் ஊர் திரும்பாதவர் மிகப் பலர்.

அப்படித் தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள் எந்த நாட்டுப் பிரஜைகள்? கூலிக்கு வேண்டியிருந்தவர்கள் ஓட்டுக்கு வேண்டாதவர்களானார்கள். 1863-ல் அத்தீவிலேயே பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர், இந்தியர் மக்களின் பெயர்களை வாக்காளர் ஜாபிதாவில் சேர்க்க வேண்டுமென்று 1904-ல் வழக்காடத் தொடங்கினார். 1923-ல் வெற்றி கிடைத்தது. ஒரு பெயரைப் பட்டியலில் எழுதுவதற்குப் பத்தொன்பது வருஷம்!

மறுநாள் காலை வழக்கம்போல் ஆஜர்ப் பட்டியல் வாசித்தேன். எங்கள் வகுப்பிலும் ஒரு சிதம்பரம் உண்டு. அவன் பெயரைக் கூப்பிட்டுவிட்டுச் சற்றே நிமிர்ந்து பார்த்தேன்.

"உள்ளேன், ஐயா!" என்றான், கணீரென்று.