மலிவான இழைப்புளியைக் குறை சொல்லாதீர்கள்

மாணவர்களே, பட்டறையில் இழைப்புளி பலகையைச் சீவாமல் பிய்த்தால், "மலிவுச் சாமான், அப்படித்தான் இருக்கும்" என்று ஒதுக்கிவிடுகிறீர்கள். அது அவசர முடிவு. பெரும்பாலும் குறை விலையில் இல்லை; தீட்டாத அலகில் இருக்கிறது.

விசையைப் பரப்பளவால் வகுத்தால் அழுத்தம் என்று படித்திருக்கிறீர்கள். மழுங்கிய விளிம்பின் பரப்பு அதிகம். அதனால் அழுத்தம் குறைகிறது. மர நார் அறுபடாமல் கிழிகிறது.

வாங்கும்போது இரண்டைப் பாருங்கள்: உடலில் விரிசல் இருக்கக்கூடாது, அலகு தன் இருக்கையில் ஆடக்கூடாது. மற்றவற்றைப் பெரும்பாலும் நீங்களே சரிசெய்யலாம்.

அலகின் பின்பக்கத்தை நுனியருகே தீட்டுக்கல்லில் சமமாக்கி, சரிவுப் பக்கத்தைச் சுமார் 30 பாகையில் தீட்டுங்கள். விரல்கள் கவனம், ஆசிரியர் அருகில் இருக்கட்டும். பிறகு அலகை உள்ளே இழுத்துக்கொண்டு, இழைப்புளியின் அடிப்பாகத்தில் பென்சிலால் கிறுக்குங்கள். கண்ணாடிமேல் ஒட்டிய மணல்தாளில் தேயுங்கள். கிறுக்கல் முழுதும் மறைந்தால் அடிப்பாகம் சமதளமாகிவிட்டது.

இனி மரத்தின் நார் போகும் திசையிலேயே தள்ளுங்கள். மெல்லிய சுருள் எழும்பும்.

விலை உயர்ந்த இழைப்புளியும் ஒருநாள் மழுங்கும். அன்று, தீட்டத் தெரியாதவருக்கு இரண்டும் ஒன்றுதான்.